கால் வெச்சா சொந்தம்

பூங்கா என்று பலகை மாட்டிவிட்டால் பூங்கா ஆகிவிடுமா? ஆகிவிடும் போலத்தான் இருக்கிறது. என் டீக்கடை அன்றைக்கும் இந்த கேட்டுக்கு எதிரில்தான் இருந்தது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நான் ஓர் அடி நகரவில்லை. எதிரே இருந்த குப்பை மேடுதான் புல்லைப் போர்த்திக்கொண்டு, கம்பி வேலி போட்டுக்கொண்டு, கௌரவமாக நிற்கிறது. முன்பெல்லாம் லாரிக்காரர்கள் ஸ்ட்ராங்காக, சர்க்கரை தூக்கலாகக் கேட்பார்கள். இப்போது நடக்க வருகிறவர்கள் சர்க்கரை வேண்டாம், பால் வேண்டாம், லேசாக இருக்கட்டும் என்கிறார்கள். டீயே வேண்டாம் என்று சொல்லித் தொலைத்தால் எனக்கும் வேலை மிச்சம்.

மேட்டில் பொறுக்கிப் பிழைத்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். சல்லடை மட்டும் போகவில்லை. என் கடைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் கடைசி அறை அவளுடையது. அவள் கண்ணுக்குத் தப்பி ஓர் ஊசிகூட மண்ணுக்குள் போகாது என்பதால் மேட்டில் வைத்த பெயர் அது. புருஷன் நெஞ்சுச் சளியிலேயே போய்ச் சேர்ந்தான். ஒரே மகள். லாரி லாரியாக வந்த நாற்றத்தில் நின்று அந்தப் பெண்ணைப் படிக்கவைத்து, ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வெள்ளைக் கோட்டு மாட்டி நிற்கவைத்துவிட்டாள். இவள் இப்போது ஒரு துணிக் கம்பெனியில், தைத்து வருகிற சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிறாள். அவள் கை பட்ட சட்டையில் ஒரு பிசிறு காட்டிவிடுங்கள், நான் கடையை மூடிவிடுகிறேன்.

மகளுக்கு வரன் வந்ததுதான் அந்த வீட்டில் தலைவலி ஆகிவிட்டது. பையன் லிஃப்ட் மெக்கானிக். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவன், மாற்றி முடிந்த பிறகும் ஃபிரேம் லூசாக இருக்கிறது, ஃபிரேம் டைட்டாக இருக்கிறது என்று வந்துகொண்டே இருந்தானாம். ஃபிரேமுக்கா வந்தான்? கடைசியில் வீட்டில் வாயைத் திறந்து சொல்லிவிட்டான். அவர்களும் சரி, பெண்ணின் தாயாரைப் பார்த்துப் பேசலாம் என்றார்கள். நம் வீடும் சின்னது, அவர்கள் வீடும் சின்னது, பொதுவாக அந்தப் புதுப் பூங்காவில் உட்கார்ந்து பேசுவோமே என்றாளாம் பையனின் அம்மா. மகள் வந்து இதைச் சொன்னபோது சல்லடை என் கடை பெஞ்சில் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள். பன் டீக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"வேற எடமே கெடைக்கலையாடி அவங்களுக்கு?"

"நான் என்னம்மா பண்றது? அங்க வேணாம்னா ஏன்னு கேப்பாங்க."

"எனக்குக் கால் வலின்னு சொல்லு."

"கால் வலின்னா வீட்டுக்கே வந்து பாக்குறோம்னு கெளம்பிடுவாங்க. இங்க வந்தா லைன் மொத்தமும் 'சல்லடை, சல்லடை'ன்னு கூப்புடும். அதுக்கு இது பரவால்ல."

"ஏன் இந்தப் பாடு? உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைங்களேன்" என்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். அவர்கள் முறைப்பதிலும் நியாயம் இருந்தது. முன்பு வந்த வரன்கள் எல்லாம் மேடு என்ற சொல்லைக் கேட்டதும் கை கழுவிக்கொண்டு போயின. ஒருத்தி நிஜமாகவே என் கடைக் குழாயில் சோப்புக் கேட்டுக் கழுவினாள். அதனால் இந்தத் தடவை, அம்மாவுக்குப் பழைய சாமான் வியாபாரம் இருந்தது, இப்போது விட்டாகிவிட்டது என்று மகளே சொல்லிவைத்திருந்தாள். பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது.

"அக்கா, நீ கெடுத்துடாத" என்றாள் சல்லடை. "இந்தப் பையன் ஆசைப்பட்டுக் கேக்குறான். இதுவும் போச்சுன்னா அவ அப்புறம் கல்யாணப் பேச்சையே எடுக்க விடமாட்டா. என் பொண்ணை எனக்குத் தெரியாதா? நீ பெரியம்மான்னு சொல்லிக்கிட்டு கூட வா. வந்து வாயை மட்டும் தொறக்காத."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அடுப்பை அணைத்துவிட்டு அவர்கள் அறைக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரெல்லாம் ஆணி. சல்லடை வாளிக்கு முன்னால் உட்கார்ந்து எலுமிச்சம்பழத் தோலை விரல் நகங்களில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேட்டுக் கறுப்பு எப்போதோ போய்விட்டது. இப்போது அவள் தேய்த்தது வெறும் தோலை.

"போதும்மா, ரத்தம் வந்துடப்போகுது" என்றாள் மகள். "எழுந்து வா. கொஞ்சம் நடந்து காட்டு."

"நடக்கத் தெரியாதா எனக்கு?"

"நட, சொல்றேன்."

லைன் வீட்டு வாசலில் சல்லடை நடந்தாள். தலை கீழே, முதுகு கொஞ்சம் வளைந்து, ஒவ்வொரு அடியிலும் குதிகாலை அழுத்திப் பார்த்துவிட்டு அப்புறம்தான் உடம்பைக் கொடுத்தாள். மேட்டில் அப்படித்தான் நடக்க வேண்டும். எங்கே மெத்தென்று உள்ளே இழுக்கும் என்று தெரியாது.

"அம்மா, தரையப் பாக்காத. நேரா பாரு."

"நேரா பாத்தா விழுந்துடுவேன்டி."

"தார் ரோட்டுல எப்படி விழுவ? அவங்க முன்னாடி கீழ எதையும் எடுக்காத. பாட்டிலைப் பாத்தா பாக்காத மாதிரி போ. மூடியக் கழட்டாத. கைய மடியில வெச்சுக்கோ."

"கையக் கழட்டி இங்கயே வெச்சுட்டு வந்துடட்டுமா?" என்றாள் சல்லடை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கு வரவில்லை. அவள் தன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மழை வருகிற மாதிரி வானம் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வரவில்லை. காற்று மட்டும் சுழற்றிச் சுழற்றி அடித்தது. கேட்டுக்குள் நுழையும்போது சல்லடை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மேடு மூடிய பிறகு அவள் உள்ளே போவது அதுதான் முதல் தடவை. எல்லாம் பச்சை. நடுநடுவே தரைக்குள்ளிருந்து வளைந்த குழாய்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன, அடியில் இருக்கும் வாயு வெளியே போவதற்கு. அதற்கும் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பக்கத்தில் நெருப்புப் பற்றவைக்காதீர்கள் என்று பலகை. மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. மேட்டை மூடியாகிவிட்டது என்று அவற்றுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"அக்கா, இந்த வளைவுலதான் ஆஸ்பத்திரி லாரி கொட்டும்" என்று என் காதில் கிசுகிசுத்தாள். "அந்த ஊஞ்சல் இருக்கே, அங்க மார்க்கெட் லாரி. அங்கதான் என் தண்ணிப் பானைய வெச்சிருப்பேன்."

"அம்மா!" என்று மகள் இடுப்பில் கிள்ளினாள்.

அவர்கள் முன்னாலேயே வந்து ஒரு இரும்பு பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பையனின் அப்பா மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், புதுக் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் வளர்த்தி. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான், அப்புறம் உட்காரவே இல்லை. அவன் அம்மா சதா பேசுகிறவள். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். வந்ததும் சல்லடையின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

அங்கேதான் ஒரு கூத்து. மேட்டு மண் இன்னும் அடங்கவில்லை, அங்கங்கே உள்வாங்கும். அந்த பெஞ்சின் ஒரு கால் இறங்கி, பெஞ்சே சாய்ந்திருந்தது. பையனின் அம்மா மேல் பக்கம், சல்லடை கீழ்ப் பக்கம். அந்த அம்மாள் பேசப் பேசச் சறுக்கிச் சறுக்கி வந்து சல்லடைமேல் இடித்தாள். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். நடுவில் தன் கைப்பையை வைத்துக்கொண்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் இப்பவே ஒட்டிக்கிட்டோம் பாருங்க" என்றாள். "உங்க பொண்ணு இவருக்குக் கண்ணாடி போட்டு விட்டதுலேர்ந்து மனுஷன் அரிசில கல்லு இருக்குன்னு கண்டுபுடிக்கிறாரு. முன்னாடி நிம்மதியா இருந்தேன்."

"கல்லு இருந்துச்சு, சொன்னேன்" என்றார் அவர்.

"பாத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். சல்லடையும் சிரித்தாள். கை மடியில்தான் இருந்தது. கண்ணும் நேராகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"என்ன அருமையான எடம்" என்றாள் பையனின் அம்மா. "முன்னாடி இங்க குப்பை மேடுன்னு சொன்னா நம்புவீங்களா?"

"அப்படியாம்மா?" என்றாள் சல்லடை.

"ஐயோ, பஸ்ல போனாலே மூக்கைப் பொத்திக்குவோம். அதுக்குள்ள மனுஷங்க நின்னு பொறுக்குவாங்க. சோறு எப்படித்தான் எறங்குமோ அவங்களுக்கு."

"ஆமாம்மா, பாவம்" என்றாள் சல்லடை.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மகளைப் பார்த்தேன். அவள் புல்லை ஒன்றொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பையன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சு நல்லபடியாகத்தான் போனது. பெண் வேலையை விட வேண்டாம் என்றார்கள். கல்யாணத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கொண்டுவந்த பிஸ்கட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். சரி, அந்தக் குளம் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று பையனின் அம்மா எழுந்தாள். பாதையில் பாதி தூரம் போயிருப்போம். ஒரு பெருங்காற்று அடித்து காற்றுக்காக அவள் காதை மூடித் தலையில் கட்டியிருந்த துணியைப் பிடுங்கியது. அவள் அதை இழுத்துப் பிடித்து, முடியை ஒதுக்கி, திரும்பக் கட்டிக்கொண்டாள். நான்கு அடி நடந்தவள் காதைத் தொட்டுப் பார்த்துக் கத்தினாள்.

"ஐயோ, என் தோடு!"

எல்லோரும் குனிந்தோம். பையன் முட்டி போட்டுத் தேடினான். மகள் கையால் புல்லைக் கோதினாள். அந்தத் தோடு அவள் மாமியார் போட்டது, இவ்வளவு வருஷமாகக் கழற்றியதே இல்லை என்று அந்த அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். சல்லடை மட்டும் குனியவில்லை. ஓரமாக, ஒரு காலை முன்னால் வைத்து, எங்கேயோ வானத்தில் பருந்தைப் பார்த்தபடி நின்றாள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். மேட்டில் ஒரு முறை உண்டு. லாரி கொட்டியதும் எல்லோரும் பாய்வார்கள். யார் கண்ணில் எது முதலில் படுகிறதோ அவள் உடனே அதன்மேல் காலை வைத்துவிட வேண்டும். கால் வெச்சா சொந்தம். அதற்குமேல் யாரும் கிட்டே வரக்கூடாது, வரவும் மாட்டார்கள். கால் வைத்தவள் கீழே பார்க்கவும் கூடாது. பார்த்தால் என்னவென்று கூட்டம் கூடிவிடும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள், கூட்டம் நகர்ந்ததும் எடுத்துக்கொள்வாள். அவள் காலுக்கு அது இருபது வருஷப் பழக்கம். தலையைக் கேட்டா கால் போயிருக்கும்? அந்தக் கால் போன பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. காலை எடுத்தாலும் மாட்டினாள், எடுக்காவிட்டாலும் மாட்டினாள்.

நான் மெதுவாக அவள் பக்கம் நகர்ந்தேன். என்மேல் இடித்து விழுகிற மாதிரி விழு, நான் கண்டெடுத்த மாதிரி எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அந்த மீட்டர்காரர், நம் பெண் போட்டுக்கொடுத்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அம்மா, உங்க காலைக் கொஞ்சம் எடுங்க. ஓரத்துல என்னமோ மினுங்குது" என்றார்.

சல்லடை காலை எடுத்தாள். தோடு புல்லில் அமுங்கிக் கிடந்தது.

பையன் அதை எடுத்துத் துடைத்து அம்மாவிடம் கொடுத்தான். அவன் சல்லடையைப் பார்க்கவில்லை.

"உங்க காலுக்கு அடியிலயா இருந்துச்சு?" என்றாள் அந்த அம்மாள். "உங்களுக்குத் தெரியலையா? நான் இவ்ளோ அழுறேன், நீங்க அசையாம நிக்கிறீங்க?"

அவள் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நின்ற நிற்பை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் மேட்டைச் சொல்ல வேண்டும். சல்லடை மகளை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் கைகளைக் கூப்பினாள்.

"ஆசைப்பட்டுட்டேம்மா" என்றாள். "பளபளன்னு இருந்துச்சா, புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சுடுங்க. என் பொண்ணு அப்படி இல்ல. அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவ தங்கம்."

மேட்டில் தங்கச் சங்கிலி கிடைத்தபோது தேடிப்போய் ஒரு டாக்டர் வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மகள் அம்மாவின் கூப்பிய கைகளையே பார்த்தாள்.

"விடு, கெடைச்சிடுச்சுல்ல" என்றார் மீட்டர்காரர்.

அந்த அம்மாள் தோட்டை மாட்டிக்கொண்டாள். மூச்சு வாங்கினாள். பிறகு, பெரிய மனசு பண்ணுகிறவள்போல, "சரி, சரி. பொம்பளைங்களுக்கு நகை ஆசை யாருக்குத்தான் இல்ல?" என்றாள். "கஷ்டப்பட்டவங்க. ஒரு நிமிஷச் சபலம். நாம பொண்ணைத்தானே கட்டுறோம். வாங்க, வந்து உக்காருங்க, அழாதீங்க."

குளத்தை யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து அதே சாய்ந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். பையனின் அம்மா தேதியைப் பற்றிக்கூடப் பேச ஆரம்பித்துவிட்டாள். சல்லடை எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றாள். காரியம் கூடிவிட்டது, அவள் கணக்குப்படி. அப்போது அந்த அம்மாள், பேச்சை நிறுத்தாமல், நடுவில் இருந்த கைப்பையை எடுத்துத் தன் மறு பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்ததாகக்கூடத் தெரியவில்லை.

மகள் எழுந்துவிட்டாள்.

"எங்க அம்மா திருடி இல்லைங்க" என்றாள்.

"அதான் விட்டுட்டோமேம்மா, மறுபடி எதுக்கு அந்தப் பேச்சு?"

"நீங்க விட வேணாம். எங்க அம்மா எதையும் எடுக்கல. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுக்கு அடியில இருந்த மேட்டுலதான் எங்க அம்மா வேலை பாத்தாங்க. அங்க எது கண்ணுல பட்டாலும் மொதல்ல கால் வெக்கணும். வெச்சாதான் சோறு. அந்தப் பழக்கத்துல கால் போயிடுச்சு. நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனீங்களே பஸ்ல, அப்ப உள்ள நின்னது இவங்கதான். நானும்தான். கோணிமேல உக்காந்து அங்கதான் சோறு தின்னேன். நல்லா எறங்குச்சு."

"வாயை மூடுடி!" என்று சல்லடை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அவளுக்குக் கோவம்மா, ஏதோ ஒளர்றா..."

பையனின் அம்மா எழுந்தாள். இரும்பு பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள், இருந்தாலும் பின்பக்கத் துணியை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டாள். பிஸ்கட் தின்ற கையைப் பார்த்தாள். "அங்கயா?" என்று மட்டும் கேட்டாள். திருடியை மன்னித்த முகம் இப்போது மன்னிக்கிற மாதிரி இல்லை.

"உக்காருங்கம்மா" என்றாள் சல்லடை. குரல் கெஞ்சியது. "ஒண்ணும் ஒட்டாது. மேல நல்ல மண்ணுதாம்மா போட்டிருக்காங்க. வெளியில இருந்து கொண்டாந்து போட்டது. சுத்தமான மண்ணு."

குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் காட்டவே போய்விட்டாள். மகள் அவளை அப்படியே தூக்கி நிறுத்தினாள்.

"வா போலாம்" என்றாள்.

போனோம். பையன் எங்கள் பின்னாலேயே வந்தான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவன் அப்பா ஒரு தடவை கூப்பிட்டார். அவன் அங்கேயே நின்றுவிட்டான். முன்னால் வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. நாங்கள் கேட்டைத் தாண்டும்வரை நின்றான்.

சல்லடை எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நேராக வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். மகள் நின்றாள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"உனக்கு அவனைப் புடிச்சிருந்துச்சா இல்லையா? அதைச் சொல்லு மொதல்ல" என்றாள் சல்லடை.

"புடிச்சிருந்துச்சு."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"அப்ப ஏண்டி பாவி வாயைத் தொறந்த? நான்தான் சரிக்கட்டிட்டேனே! திருடின்னா சொல்லிட்டுப் போறாங்க, என் உடம்புல என்ன கொறைஞ்சுது? நீ அங்க நல்லா இருந்திருப்பல்ல? எனக்கு அது போதாதா? எதுக்குடி கெடுத்த?"

மகள் கண்ணைத் துடைக்கவில்லை, தண்ணீர் அதுபாட்டுக்குக் கன்னத்தில் வழிந்தது. அப்புறம் அம்மாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"உன்னையும்தானே எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். "நான் என்னம்மா பண்ணட்டும்?"